960 எம்.பி. ராமில் மூடிவைத்த நாவல்

ஜூன் 4

"த்ரில்லரைப் போய் யாராவது பாதியில் விடுவார்களா? கொலைகாரன் யாரென்று தெரியாமல் எப்படித் தூக்கம் வரும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். வருகிறது. மூன்று நாளாக நன்றாகவே தூங்குகிறேன்.

விட்ட புத்தகம் ஸ்டீக் லார்சனின் 'தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ'. ஸ்வீடனில் 2005இல் வெளிவந்து, 2008இல் ஆங்கிலத்துக்குப் போய், உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்ற நாவல். கதையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1966இல் ஒரு தீவிலிருந்து ஹாரியட் என்ற பதினாறு வயதுப் பெண் காணாமல் போகிறாள். அன்றைக்கென்று பாலத்தில் ஒரு டேங்கர் லாரி விபத்து. தீவுக்கும் கரைக்கும் இடையே போக்குவரத்தே இல்லை. அவள் எப்படி வெளியே போயிருக்க முடியும்? போகவில்லை என்றால் உடல் எங்கே? அவளுக்குத் தாத்தா முறையான எண்பத்திரண்டு வயதுக் கிழவருக்கு ஒவ்வொரு பிறந்தநாளன்றும் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு காய்ந்த பூ தபாலில் வருகிறது. அனுப்புவது யாரென்று தெரியாது. சாவதற்குள் விடை தெரிய வேண்டும் என்று அவர் ஒரு பத்திரிகையாளரைக் கூப்பிடுகிறார்.

இதை என் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் விடிய விடியக் கேட்டிருப்பேன். நான் விட்டது எழுத்து நடைக்காக மட்டும்தான். இருநூறாம் பக்கத்தை நெருங்கும்போது கதாநாயகி லிஸ்பெத் சாலண்டருக்குப் புது கம்ப்யூட்டர் ஒன்றின் மேல் ஆசை வருகிறது. ஆப்பிள் பவர்புக் ஜி4, ஒரு கிகாஹெர்ட்ஸ், அலுமினிய உடல், பிராசசரின் எண், 960 எம்.பி. ராம், 60 ஜி.பி. ஹார்டு டிஸ்க். அந்த வாக்கியத்தில் புத்தகத்தை மூடினேன்.

ஜூன் 4, இரவு

"ஒரு வாக்கியத்துக்காகவா?" என்று உடனே கேட்டுவிட்டீர்கள். அந்த வாக்கியம் கடைசிச் சொட்டு. குடம் அதற்கு முன்பே நிறைந்துவிட்டது.

நான் திருச்சியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். காலையிலிருந்து மாலை வரை நான் படிப்பதே அந்த மாதிரி வாக்கியங்களைத்தான். வரிசை எண், மாடல், வாங்கிய தேதி, விலை, தேய்மானம். வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, விளக்கைப் போட்டு நாவலை விரித்தால் அதற்குள்ளும் ஒரு சொத்துப் பதிவேடு. என்னால் முடியவில்லை.

ஜூன் 5

கம்ப்யூட்டர் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். விட்டதற்கான காரணத்தை ஒழுங்காகவே சொல்லிப் பார்க்கிறேன்.

முன்னுரைப் பகுதி அருமை. கிழவருக்குப் பூ வருகிறது. அவர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரிக்கு போன் செய்கிறார். இரண்டு வயதானவர்கள், பெரிதாகப் பேச்சு இல்லை, ஒருவர் அழுகிறார். இரண்டே பக்கம். "ஆஹா" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்து முதல் அத்தியாயம். பத்திரிகையாளர் மிக்கேல் புளோம்க்விஸ்ட் அவதூறு வழக்கில் தோற்று, மூன்று மாதச் சிறைத் தண்டனையோடு நீதிமன்றத்திலிருந்து வெளியே வருகிறார். இதுவும் சரிதான். ஆனால் எந்தக் கட்டுரைக்காக வழக்கு என்பதைச் சொல்ல ஆசிரியர் நம்மைப் பழைய கோடை விடுமுறை ஒன்றுக்குக் கூட்டிப்போகிறார். பாய்மரப் படகில் பள்ளிக்கூட நண்பன் ஒருவன் மதுவை வைத்துக்கொண்டு கதை சொல்கிறான். சோவியத் வீழ்ச்சிக்குப் பின் கிழக்கு ஐரோப்பாவில் தொழில் தொடங்க ஸ்வீடன் அரசு கொடுத்த பணம், போலந்தில் பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலை, 6 கோடி குரோனர், அதை வாங்கிய ஒரு பணக்காரன், அது போன வழி. பக்கம் பக்கமாக இதுதான். இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல எழுதியிருக்கிறது. உண்மையில் ஒருவன் அறிக்கை வாசிக்கிறான், மற்றவன் "அப்புறம்?" என்று கேட்டு அவனுக்குப் பக்கம் திருப்பிக் கொடுக்கிறான்.

எனக்கு அந்தக் கணக்கு புரிந்தது. மானியத்தை வாங்கி வேறு இடத்தில் சுழற்றுகிற வித்தையை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். புரிந்தும் சலித்தது என்பதுதான் என் புகார். படகில் காற்று இருக்கும், அலை இருக்கும், குடித்தவன் நாக்கு குழறும், ரகசியம் சொல்கிறவன் ஒருமுறையாவது தயங்குவான். எதுவுமே என் காதில் விழவில்லை.

அப்புறம் காபி. இந்த நாவலில் எல்லோரும் எப்போதும் காபி குடிக்கிறார்கள். கதவைத் திறந்தால் காபி, துக்கம் கேட்டால் காபி, துப்புக் கிடைத்தால் காபி. கூடவே ரொட்டி, அதன் மேல் என்ன வைத்தார்கள் என்ற விவரம். நானும் நாளுக்கு நான்கு டம்ளர் குடிப்பவன்தான். என்றாலும் ஒவ்வொரு டம்ளரையும் எழுதிவைக்க மாட்டேன்.

புத்தகம் என்னுடையது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்ற சீனியர் கொடுத்தது. எதைப் படித்தாலும் பென்சிலால் டிக் போடுவது அவர் பழக்கம், நாவலானாலும். முதல் நூறு பக்கம் போல டிக்கே இல்லை. டேங்கர் விபத்திலிருந்து ஆரம்பிக்கிறது. யார் எந்த நேரத்தில் பாலத்தில் நின்றார்கள், எத்தனை மணி நேரம் வழி அடைபட்டது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாக ஒரு டிக். அவர் அவ்வளவு ரசித்த புத்தகத்தை நான் விட்டுவிட்டேனே என்பதுதான் மனதுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் பக்கத்தில் டிக் இல்லை. ஒரு ஆறுதல்.

ஜூன் 5, இரவு

"நீங்கள் சுஜாதா படித்து வளர்ந்தவர், அதனால்தான் உங்களுக்கு இது பிடிக்கவில்லை" என்று ஒருவர் சொல்கிறார். இருக்கலாம். மறுக்கவே மாட்டேன்.

மாடிப்படியில் ஒருவன் இறங்கினால் 'இறங்கினான்' என்ற சொல்லையே எழுத்து எழுத்தாகப் படிபோல இறக்கி அச்சிட்டவர் அவர். 1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தொடரிலேயே அந்த வேகம் இருக்கிறது. கணேஷும் வசந்தும் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் இரண்டு பொருளைச் சொல்வார், அந்த வீட்டின் வாசனை முழுக்க வந்துவிடும். ஆனால் சுஜாதாவை வைத்து லார்சனை அளப்பது நியாயமில்லை. வாராவாரம் சில பக்கத்துக்குள் ஆளைக் கட்டிப்போட வேண்டியவரின் சிக்கனம் அது. ஐநூறு பக்கத்துக்கு மேல் இடம் கிடைத்தவருக்கு அந்த நெருக்கடி கிடையாது.

ஜூன் 7

ஒரு திருத்தம். பெரிய திருத்தம்.

நெல்லையிலிருந்து ஒரு அக்கா, நாவலை இரண்டு முறை படித்தவர், என்னை உட்காரவைத்துக் கேட்பதுபோலக் கேட்டார்: "தம்பி, அந்தப் பெண்ணுக்கு ஏன் புது கம்ப்யூட்டர் வேண்டியிருக்கிறது என்று யோசித்தீர்களா? அதை வாங்க அவள் யாரிடம் பணம் கேட்க வேண்டும்?"

சாலண்டரின் பழைய கம்ப்யூட்டர் ஒரு காருக்கு அடியில் நசுங்கிவிட்டது. அது எனக்கு நினைவிருக்கிறது. அவள் வளர்ந்த பெண், சொந்தமாகச் சம்பாதிப்பவள். ஆனாலும் சட்டப்படி அவளுக்கு ஒரு பாதுகாவலர் உண்டு, அவள் பணம் அவர் கையில். பழைய பாதுகாவலர் நல்லவர், உடல்நலம் கெட்டுப் படுத்துவிட்டார். புதிதாக வந்தவன் வேறு மாதிரி. அவள் சம்பாதித்த பணத்தையே அவள் போய்க் கேட்க வேண்டும். கேட்கப்போன இடத்தில்தான் அந்த அக்கிரமம் நடக்கிறது. நான் மூடிய இடத்திலிருந்து சில பக்கம்தான் இருந்திருக்கிறது.

அக்கா சொன்னதைக் கேட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் அந்தப் பட்டியலை விளம்பரம் என்று எடுத்துக்கொண்டேன். அவருக்கு அது ஒரு பெண்ணின் ஆசை. இவ்வளவு துல்லியமாகத் தனக்கு வேண்டியதைத் தெரிந்து வைத்திருப்பவளுக்குத் தன் பணத்தைத் தொட உரிமை இல்லை. "ராம் எவ்வளவு என்பது எனக்கும் புரியவில்லை. அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பது புரிந்தது" என்றார்.

என் பக்கத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அர்த்தம் பின்னால் நடப்பதால் வருகிறது, வாக்கியத்துக்குள் இல்லை. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது அவள் ஆசை எனக்குத் தெரியவில்லை, கடையின் விலைப்பட்டியல்தான் தெரிந்தது. ஒரு வரி, அவள் கடைக் கண்ணாடிக்கு முன் நின்றாள் என்று ஒரே வரி இருந்திருந்தால் நான் மூடியிருக்க மாட்டேன் என்றேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெண் நின்று ஏங்குகிற ஆள் இல்லை என்றார். அதுவும் சரிதான்.

ஜூன் 8

மொழிபெயர்ப்பைக் குறை சொல்லலாமே என்று இரண்டு பேர் சொன்னார்கள். நான் படித்தது ஆங்கிலத்தில். ஸ்வீடிஷ் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆகவே லார்சனின் 'நடை' என்று நான் நான்கு நாளாகப் பேசிக்கொண்டிருப்பது யாருடைய நடை?

புத்தகத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று போட்டிருப்பது ரெக் கீலண்ட். அது புனைபெயர். உண்மையில் மொழிபெயர்த்தவர் ஸ்டீவன் மரே என்ற அமெரிக்கர். ஆங்கிலப் பதிப்பகத்தில் தன் மொழிபெயர்ப்பில் செய்த மாற்றங்கள் அவருக்கு ஒப்பவில்லை. அதனால் சொந்தப் பெயரைப் போட மறுத்துவிட்டார். ஒரு மனிதர் தன் உழைப்பிலிருந்து பெயரை எடுத்துக்கொள்கிறார் என்றால் எவ்வளவு வருத்தம் இருந்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் கையெழுத்துப் போட மறுப்பதுதான் கடைசி ஆயுதம். அதன் கனம் எனக்குத் தெரியும்.

தலைப்பும் மாறியது. ஸ்வீடிஷ் மூலத்தின் பெயருக்குப் 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்' என்று பொருள். ஆங்கிலத்தில் அது பச்சை குத்திய பெண்ணாகிவிட்டது. முன்னது நேரடியான குற்றச்சாட்டு, பின்னது கடையில் கண்ணைப் பறிக்கிற பெயர். மூலத் தலைப்போடு நாவலை எடுத்திருந்தால் நான் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதே வேறாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. குற்றப்பத்திரிகையைப் படிக்க உட்கார்ந்தவன் அதில் கவிதையைத் தேட மாட்டான்.

இருந்தாலும் காபியை மொழிபெயர்ப்பாளர் ஊற்றியிருக்க மாட்டார். படகில் அவ்வளவு நேரம் பேசவைத்ததும் அவர் வேலை இல்லை. வாக்கியத்தின் தட்டைத்தன்மையை வேண்டுமானால் பங்கு பிரிக்கலாம், எதைச் சொல்வது எவ்வளவு சொல்வது என்பது லார்சனுடையது.

ஜூன் 10

லார்சனைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். 1954இல் பிறந்தவர். ஸ்வீடனின் செய்தி நிறுவனம் ஒன்றில் வரைகலை வேலை பார்த்தார். 1995இல் 'எக்ஸ்போ' என்ற பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர். நவநாஜிக் குழுக்கள் யார், எங்கே கூடுகிறார்கள், யார் பணம் தருகிறார்கள் என்று தோண்டி எழுதுவதுதான் அதன் வேலை. கொலை மிரட்டல்கள் வந்தன. 2004 நவம்பரில், லிஃப்ட் ஓடாத ஒரு நாளில், ஏழு மாடி படியேறி அலுவலகத்துக்குப் போனவர் மாரடைப்பில் இறந்துபோனார். வயது 50. மூன்று நாவல்களில் ஒன்றுகூட அப்போது அச்சாகவில்லை. புத்தகமாகக் கையில் எடுத்துப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நடை எங்கிருந்து வந்தது என்று விளங்கியது. கார் எண், முகவரி, தேதி, கூட்டத்துக்கு வந்தவர் பெயர் என்று வருடக்கணக்காகக் குறித்துவைத்தவரின் கை அது. எந்தத் தகவல் நாளைக்கு நீதிமன்றத்தில் தேவைப்படும் என்று தெரியாதபோது எல்லாவற்றையும்தான் எழுதிவைக்க வேண்டும். நாவலின் நான்கு பாகங்களுக்கும் முன்னால் ஆளுக்கொரு புள்ளிவிவரம் இருக்கிறது. ஸ்வீடனில் 18 சதவீதப் பெண்கள் ஏதோ ஒரு சமயம் ஆணால் மிரட்டப்பட்டவர்கள். 46 சதவீதத்தினர் ஆணின் வன்முறைக்கு ஆளானவர்கள். பாலியல் தாக்குதலுக்கு ஆளானவர்களில் 92 சதவீதத்தினர் கடைசியாக நடந்ததைப் போலீசிடம் சொல்லவில்லை. முதல் முறை புரட்டியபோது இவற்றை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். இப்போது அந்த 92இல் நெடுநேரம் நின்றேன்.

புரிந்துகொண்டதால் பிடித்துவிடாது. ஆனால் கோபம் போய்விட்டது.

ஜூன் 11

மறுபடி எடுத்துவிட்டேன்.

அக்காவின் பேச்சுதான் காரணம். 960 எம்.பி. வாக்கியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டி, அடுத்த பக்கத்திலிருந்து தொடங்கினேன். பாதுகாவலன் வீட்டில் நடப்பதைப் படித்தேன். அதை இங்கே விவரிக்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: அங்கேயும் அதே தட்டையான, அறிக்கை மாதிரியான நடைதான். உவமை இல்லை, அழுகுரல் இல்லை. படகுக் காட்சியில் என்னைக் கொட்டாவி விடவைத்த அதே குரல் இங்கே தாங்க முடியவில்லை. வேறு நடையில் எழுதியிருந்தால் ஒருவேளை ரசிக்கவைக்கிற அசிங்கம் ஏதாவது உள்ளே வந்திருக்கும். புத்தகத்தை வைத்துவிட்டுத் தெருவில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன்.

ஜூன் 12, காலை

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. "தெரிந்த காட்சியைத்தானே படித்தீர்கள், அக்கா முன்னாலேயே சொல்லிவிட்டாரே" என்று கேட்கிறார்கள். தெரிந்திருந்தும் அப்படி இருந்தது.

ஜூன் 13

நாவலின் நடுப்பகுதியை இன்னும் படிக்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடுங்கள். கொலைகாரன் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு துப்புகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, புகைப்படங்கள். ஹாரியட் காணாமல்போன அன்று ஊரில் குழந்தைகள் ஊர்வலம். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் எடுத்த படங்களில் அவளும் கூட்டத்தில் நிற்கிறாள். புளோம்க்விஸ்ட் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் நெகட்டிவ்களைத் தேடி எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, எடுத்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்க்கிறார். எல்லோரும் ஊர்வலத்தைப் பார்க்கிறார்கள். அவள் மட்டும் திரும்பி, தெருவுக்கு எதிர்ப்புறம் எதையோ, யாரையோ பார்க்கிறாள். முகம் மாறுகிறது. என்ன பார்த்தாள் என்று இந்தப் படங்களில் தெரியாது, ஏனென்றால் கேமரா அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் அவளுக்குப் பின்னால் ஒரு பெண் கையில் கேமராவோடு நிற்கிறாள்! அவள் எடுத்த படத்தில் அது இருக்கும். அவள் யார்? வேறொரு படத்தில் அந்தத் தம்பதி காருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், கண்ணாடியில் தச்சுப்பட்டறை ஒன்றின் ஸ்டிக்கர், பாதி மங்கிய ஊர்ப்பெயர். நாற்பது வருடத்துக்கு முந்தைய தேனிலவு போட்டோவைத் தேடி மனிதர் வடக்கே நோர்ஷோ வரை வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார்.

இரவு பன்னிரண்டரைக்கு இதைப் படித்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் எல்லாம் பட்டியல்தான்: எந்த ரோல், எத்தனையாவது படம், யார் எங்கே நிற்கிறார்கள். ஒரு எண்ணையும் நான் தாண்டவில்லை. சீனியரும் தாண்டவில்லை, பக்கம் முழுக்க டிக்.

இரண்டாவது, ஹாரியட்டின் நாட்குறிப்பின் கடைசியில் ஐந்து பெயர்கள், ஐந்து எண்கள். மக்தா, 32016. சாரா, 32109. இப்படி. தொலைபேசி எண்கள் என்று நினைத்துப் போலீஸ் அன்றைக்கே விசாரித்து ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டது. புளோம்க்விஸ்டுக்கும் பிடிபடவில்லை. பக்தியுள்ள அவர் மகள் வந்துவிட்டுப் போகும்போது, போகிறபோக்கில், மேஜைமேல் பைபிள் வசனங்கள் பார்த்தேனே என்கிறாள். 32016: பைபிளின் மூன்றாவது புத்தகம், 20ஆம் அதிகாரம், 16ஆம் வசனம். லேவியராகமம்.

எனக்குக் கை சில்லிட்டுப்போனது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு கடையின் கணக்கைப் பார்க்கப் போயிருந்தோம். எந்தக் கடை என்பது வேண்டாம். சில்லறைச் செலவு நோட்டு. மூன்று மாதம், தினமும் நான்கைந்து பதிவு: டீ, வண்டிக் கூலி, கயிறு, தபால். நான் கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது, சலிப்போடு தள்ளிவைத்தேன். சீனியர் நோட்டை வாங்கி, தொகையைப் பார்க்காமல், பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "தம்பி, மூன்று மாதமும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரு நாள்கூட மை மாறவில்லை. இதை யாரோ ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்" என்றார். நான் மறுபடி அந்த நோட்டைக் கையில் வாங்கினேன். அதே டீ, அதே கயிறு. ஆனால் இப்போது ஒரு வரியையும் விடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

லார்சனிடம் எனக்கு நடந்ததும் இதுவே. எதையோ ஒளித்துவைத்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பட்டியலைப் போல ஆளைப் பிடித்து உட்காரவைப்பது வேறு இல்லை. தெரியாதவரை அது வெறும் சரக்குக் கணக்கு. படகில் சொன்ன 6 கோடி குரோனரில் எது காணவில்லை என்று தேடும் ஆவலை அவர் எனக்குத் தரவில்லை, முடிவையே முதலில் சொல்லிவிட்டார்: அவன் திருடன், கட்டுரை எழுதினேன், தோற்றேன். ஹாரியட்டின் எண்களில் எந்த முடிவும் சொல்லவில்லை. என்னையே தேடவிட்டார்.

ஆகவே ஜூன் 5ஆம் தேதி சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். தகவல் அதிகம் என்பது என் சிக்கலாக இருந்ததே இல்லை. காபி பற்றிய பாதி அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 17

மறுபடி விட்டுவிட்டேன்!

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. ஹாரியட்டின் மர்மம் அவிழ்ந்துவிட்டது. கொலைகாரனும் தெரிந்துவிட்டான். நெஞ்சு அடங்கவே ஒரு நாள் பிடித்தது. ஆனால் புத்தகம் முடியவில்லை. இன்னும் பக்கங்கள் நிறைய மிச்சம். என்ன மிச்சம் என்று பார்த்தால், முதல் அத்தியாயத்துப் பணக்காரன். போலி கம்பெனிகள், வங்கிக் கணக்குகள், இதழ் அச்சாகிற ஏற்பாடுகள். அந்தப் பணக்காரனை மிக்கேல் எப்படி வீழ்த்துகிறார் என்பது அவருக்கு முக்கியம், ஆசிரியருக்கும் முக்கியம். பத்திரிகைக்காரராக லார்சன் உண்மையில் எழுத நினைத்த கதையே அதுதானோ என்றுகூடத் தோன்றுகிறது. எனக்கு ஹாரியட் முக்கியம். அவள் கதை முடிந்ததும் நானும் எழுந்துவிட்டேன்.

முதல் முறை விட்டபோது எரிச்சல் இருந்தது. இந்த முறை இல்லை. கல்யாணத்தில் சாப்பிட்டு முடித்து, தாம்பூலம் வாங்கிக்கொண்டு, நாதஸ்வரம் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்புகிற மாதிரி.

ஜூன் 18

"ஸ்வீடன்காரர்களே இப்படித்தான் எழுதுவார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படி இல்லை. நெல்லை அக்கா சொல்லித்தான் மாய் ஷோவால், பெர் வாலோ எழுதிய 'ரோசன்னா'வை எடுத்தேன். 1965இல் வந்தது. இருவரும் தம்பதிபோல் சேர்ந்து வாழ்ந்தவர்கள். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இரவில் ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதுவார்களாம். 1975 வரை பத்து நாவல்கள், ஒவ்வொன்றிலும் முப்பது அத்தியாயம், பத்தையும் சேர்த்து ஒரே நீண்ட கதையாகத் திட்டமிட்டவை.

கால்வாயில் தூர் வாரும்போது ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. யாரென்றே தெரியவில்லை. மாதக்கணக்கில் ஒன்றும் நகரவில்லை. இங்கேயும் காபி உண்டு, ஆனால் துப்பறிகிற மார்ட்டின் பெக்குக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது. குடிக்கக் கூடாது என்று தெரிந்தே குடிப்பார். அந்தக் காபி எனக்கு நினைவில் நிற்கிறது, ஏனென்றால் அவருக்கு அது வலிக்கிறது.

பாதி தாண்டிவிட்டேன். இதை விடப்போவதில்லை.

ஜூன் 22

சீனியருக்கு போன் செய்தேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதைவிட உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. "சார், மன்னிக்கணும், நான் ரெண்டு தடவை விட்டுட்டேன். கடைசிப் பகுதியைப் படிக்கவே இல்லை" என்றேன்.

"கடைசிதானே தம்பி ரொம்ப ஜோர்! அந்தப் பணமெல்லாம் எங்கே போகுதுன்னு நான் தனியா ஒரு தாள்ல கணக்கு எழுதி வச்சிக்கிட்டுப் படிச்சேன். தாள் உள்ளேயே இருக்கும் பாரு."

இருந்தது. நானூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு நடுவில், நான்காக மடித்த ஒரு தாள். கம்பெனிப் பெயர்கள், அம்புக்குறிகள், குரோனர்கள். நான் திறக்காமல் விட்ட பக்கங்கள்.

"அப்போ முதல் அத்தியாயம் உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்குமே சார், அந்தப் படகு, போலந்து ஃபாக்டரி?"

"முதல் நூறு பக்கம் நான் புரட்டிட்டுப் போயிட்டேன்ப்பா. பாலத்துல லாரி கவிழ்ந்ததுலேருந்துதான் படிச்சேன். கடைசிக்கு வந்தப்புறம் அந்தப் போலந்து சமாச்சாரம் தேவைப்பட்டுது, அப்போ போய்ப் பார்த்துக்கிட்டேன்."

டிக் இல்லாத நூறு பக்கத்தை அவர் வியந்து படித்திருப்பார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

"கம்ப்யூட்டர் வருமே சார், 960 எம்.பி. ராம், அது?"

"எந்தக் கம்ப்யூட்டர்?"

நெல்லை அக்கா சொன்னதைச் சொன்னேன். அவள் பணம், அதைக் கேட்கப் போக வேண்டிய இடம், எல்லாம். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "புத்தகத்தை ஞாயித்துக்கிழமை கொண்டுட்டு வா தம்பி. அந்தப் பக்கத்தை நான் பார்க்கணும்" என்றார்.

தாளை எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். ஞாயிறுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் அந்தக் கடைசிப் பக்கங்களை, அவர் வரைந்த அம்புக்குறிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம் என்று எடுத்திருக்கிறேன்.